ரெகுலர் ஆட்களின் கதையை எழுதப் போய் நான் பட்ட பாடு

ஒரு பழைய பாருக்குத் தினமும் வருகிற ஆட்களின் கதைகளை எழுதலாம் என்று போனேன். எட்டு மாதம் ஆனது. 62 மணி நேர ஒலிப்பதிவு, மூன்று நோட்டு, ஒரு மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே செலவு. கடைசியில் தேறியது 19 மணி நேரப் பதிவும் ஒன்றரை நோட்டும். அந்த நஷ்டம்கூடப் போகட்டும். கதை சொன்ன மனிதர் ஒருவரை என் அறியாமையால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன். குடியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கேட்பது, எதைச் செய்யவே கூடாது என்று சொல்ல எனக்கு ஒரு ஆளும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் நாளே உட்கார்ந்த இடம் தப்பு. காரை பெயர்ந்த சுவர், ஒரு கால் குட்டையாகி அட்டைப்பெட்டித் துண்டை மடித்து முட்டுக்கொடுத்த மேசைகள், சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று அடிக்கும் ஃபேன். மூலையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து, எதுவும் பேசாமல் எதிரில் நின்றார். சப்ளையர் பையன் ஓடிவந்து, "சார், அது கம்பாசிட்டர் அண்ணன் சேரு" என்றான். எழுந்துகொண்டேன். பெரியவர் உட்கார்ந்த பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு தப்பைச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது.

ரெகுலர் ஆட்களுக்கு நாற்காலி என்பது சும்மா பழக்கதோஷம் இல்லை. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருப்பவர் பின்வாசல் பக்கம் உட்காருவார். காது மந்தமானவர் டிவிக்கு எட்ட. மகனோ மனைவியோ தேடி வந்தால் முதலில் தன் கண்ணில் பட வேண்டும் என்று நினைப்பவர் ரோட்டைப் பார்த்த மாதிரி. கை நடுங்குகிறவர் சுவரை ஒட்டி, மற்றவர்களுக்கு முதுகு காட்டி. யார் எங்கே உட்காருகிறார் என்று ஒரு வாரம் வெறுமனே பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆகவே முதல் இரண்டு வாரம் நோட்டும் வேண்டாம், போனும் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் சப்ளையரிடம், "எங்கப்பா உட்காரட்டும்?" என்று கேட்டுவிட்டு, அவன் காட்டிய இடத்தில் உட்காருங்கள். அந்தக் கடையின் ஆவணக் காப்பாளர் அவன்தான். யாருக்குத் தண்ணீர், யாருக்கு சோடா, யார் யாருக்கு எப்போது பேச்சு நின்றது, எவருக்கு எத்தனை மணிக்கு மேல் பொருள் தரக்கூடாது, எல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். முதலாளியிடம் ஒரு வார்த்தை அனுமதி கேளுங்கள். மற்றபடி அவர் கல்லாவை விட்டு நகர்வதில்லை, அவருக்குக் கணக்குதான் தெரியும்.

அடுத்து, நான் குடிப்பதா வேண்டாமா என்ற பிரச்சினை. வெறும் சோடாவோடு உட்கார்ந்திருப்பவனை உளவுக்கு வந்தவன் மாதிரி பார்க்கிறார்கள். சரி என்று கூடவே ஊற்றிக்கொண்டால், இரண்டாவது கிளாஸுக்கு மேல் நான் கேட்டது எனக்கே நிற்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் போல்டன் நகரில் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வுக்குழுவினர் மதுக்கடைகளில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிடத்தில் கிளாஸைக் காலி செய்கிறார் என்று கடிகாரம் வைத்துக் குறித்தார்கள். ஒரே மேசையில் இருப்பவர்களின் கிளாஸ்கள் ஏறத்தாழ ஒரே அளவில் இறங்குவதை அவர்கள் கண்டார்கள். நான் அதை என் உடம்பில் கண்டேன். எதிரில் இருப்பவரின் கிளாஸ் இறங்க இறங்க நம் கையும் தானாக நீளும். இதிலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் எனக்குக் கைகொடுத்தது. முதல் நாளே "மாத்திரை சாப்பிடறேன்ணே, ஒத்துக்காது" என்பது போன்ற சாக்கெல்லாம் சொல்லாமல், "நான் குடிக்கிறதில்ல, உங்க பேச்சைக் கேக்க வந்தேன்" என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கிண்டல் செய்வார்கள். மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். சாக்கு சொன்னால் அதை எட்டு மாதமும் காப்பாற்ற வேண்டிவரும்.

சம்பளம் கரைந்தது வேறு வழியில். கதை சொல்பவருக்கு ஒரு கட்டிங் வாங்கித் தருவது மரியாதை என்று நினைத்தேன். ஒரே மாதத்தில் என்ன ஆனது என்றால், கிளாஸ் காலியாகும் இடத்தில் கதை சுவாரஸ்யமான திருப்பத்தில் நிற்கும், நிரம்பினால் நகரும். ஒருவர் தன் தம்பியை மூன்று வெவ்வேறு விபத்துகளில் சாகடித்தார். நான் வாங்கித் தரும்வரை வாய் திறக்காத ஆட்கள் சேர்ந்தார்கள். வாங்கித் தராதபோதும் பேசியிருக்கக்கூடிய நல்ல மனிதர்கள் ஒதுங்கினார்கள். சரக்கு வாங்கித் தராதீர்கள், முதல் நாளிலிருந்தே. ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், எல்லாம் முடிந்த பிறகு சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

பதிவு விஷயத்தில் 62 மணி நேரத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் சத்தத்திலேயே போனது. போனை மேசைமேல் வைத்ததுதான் காரணம். கிளாஸை வைக்கும் ஒவ்வொரு 'டொக்'கும் பலகை வழியாக நேராக மைக்குக்குள் போகும். முட்டுக்கொடுத்த மேசை என்றால் கேட்கவே வேண்டாம். ஃபேன் காற்று நேராக அடித்தால் புயல் மாதிரி பதிவாகும். துண்டை நான்காக மடித்து அதன்மேல் போனை வைப்பது கொஞ்சம் தேவலாம். சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காலருக்குக் கீழே மாட்டினால் எவ்வளவோ நல்லது. ஆரம்பத்தில் 5 நிமிடம் பதிவு செய்து, வெளியே போய்க் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். இரவு படுப்பதற்கு முன் அன்றைய பதிவுக்கு நாள், மேசை, ஆளின் அடையாளக் குறி போட்டு இன்னொரு இடத்திலும் ஒரு நகல் வைத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பதிவுகளில் யார் பேசுவது என்று எனக்கே தெரியாமல் போனது ஆறு மணி நேரம்.

இங்கே வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் போனை மடியில் வைத்துத் தெரியாமல் பதிவு செய்தேன். நோட்டில் எழுதுவதையும் மேசை ஓரத்தில் சாய்த்து மறைத்துத்தான் எழுதினேன். அப்போது கம்பாசிட்டர் அண்ணன் என்னோடு பேச ஆரம்பித்திருந்தார். 30 வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்து அச்சகத்தை மூடியபின் வேறு வேலைக்கே போகவில்லை. ஒருநாள் எதிரில் உட்கார்ந்து, கடலைத் தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் பிரித்து அடுக்கிக்கொண்டே, "தம்பி, குடிகாரருக்கு ஒரு 'ர்' விட்டுட்டீங்க" என்றார். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. நோட்டில் அவரைப் பற்றி 'முழுநேரக் குடிகாரன்' என்று எழுதியிருந்தேன். கம்பாசிட்டர்கள் எழுத்தைக் கோக்கும்போது வரியைத் தலைகீழாகத்தான் வாசிப்பார்கள், எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியிருக்கும். 30 வருஷம் அப்படி வாசித்த கண்ணுக்கு, எதிர்ப்பக்கம் இருக்கும் என் நோட்டு ஒரு விஷயமா? முதல் நாளிலிருந்து நான் எழுதியதை எல்லாம் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 

அன்றிலிருந்து நோட்டை விரித்தே வைத்தேன். அனுமதி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்று அப்புறம்தான் புரிந்தது. மூன்றாவது கிளாஸில் "எழுதிக்கோ தம்பி, என் பேரையே போட்டுக்கோ" என்று சொல்வது அனுமதி ஆகாது. மறுநாள், முதல் கிளாஸுக்கு முன்னால், தனியாக இருக்கும்போது, "நேத்து மகள் விஷயம் சொன்னீங்க, அதை எழுதட்டுமா?" என்று விஷயத்தைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நான் அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு ஏழு பேரில் நான்கு பேர் ஏதாவது ஒரு பகுதியை எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் கண்முன்னாலேயே பதிவை அழித்துக் காட்டினேன். பெயரை மாற்றினால் போதும் என்ற நினைப்பும் தப்பு. தொழில், தழும்பு, உட்காரும் இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் வீட்டுக்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டையாவது மாற்றுங்கள். கம்பாசிட்டர் அண்ணனைப் பற்றி இங்கே இவ்வளவு எழுதுவது அவர் படித்துச் சம்மதித்த பிறகுதான்.

பாரில் கேட்கும் கதை உண்மையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நீளமான பதில் இருக்கிறது. ஒருவர் நேற்றிரவு தன் அப்பா இறந்ததை அத்தனை நிதானமாகச் சொன்னார். மறுநாள் மிச்சத்தைக் கேட்டால், "நானா? நான் சொல்லலியே" என்றார். மழுப்புகிறார் என்று நினைத்து நெருக்கினேன். அவரும் பாவம், நான் எடுத்துக் கொடுத்ததற்கெல்லாம் தலையாட்டினார். மொத்தமும் குப்பை. இரத்தத்தில் ஆல்கஹால் 0.16 சதவீதத்தைச் சுற்றி அல்லது அதற்கு மேல் போனால், அதுவும் வெறும் வயிற்றில் வேகமாக ஏறினால், மூளை அந்த நேரத்து நிகழ்ச்சிகளைப் பதிந்துவைப்பதையே நிறுத்திவிடலாம். ஆள் நன்றாகப் பேசுவார், சரியாகச் சில்லறை எண்ணுவார், வீட்டுக்கும் போய்ச் சேருவார். மறுநாள் அவரிடம் அந்த இரவு இருக்காது. பழகிய குடிகாரர்களிடம் தள்ளாட்டமும் தெரியாது என்பதால் நமக்கு அடையாளம் கிடைப்பதில்லை. சிலருக்குத் துண்டு துண்டாக ஞாபகம் வரும், சிலருக்கு மொத்தமாகவே இல்லை. இன்னொரு வகையும் உண்டு. வருஷக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் குடித்து, தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போனவர்களுக்கு ஞாபகத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை மூளை தானாக எதையோ வைத்து அடைக்கும். ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகோவ் 1887இல் விவரித்த நிலை அது. கேட்பவருக்குப் பொய் மாதிரி இருக்கும், சொல்பவருக்கு அது நடந்ததுதான். மேலே சொன்னேனே, தம்பியை மூன்று தடவை சாகடித்தவர், அவர் கட்டிங்குக்காக அளந்தாரா, இந்த வகையா என்று இன்று யோசித்தால் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. அப்போது நான் அவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிட்டேன்.

சரிபார்க்க நான் கடைசியில் பிடித்துக்கொண்ட முறை இது. ஒரே கதையை மூன்று வெவ்வேறு நாள், இரண்டு வார இடைவெளியில், நடுவில் குறுக்கிடாமல் கேட்பது. அழுகை, சபதம், வசனம் எல்லாம் ஒவ்வொரு தடவையும் மாறும். மாறாமல் நிற்கும் சில்லறை விஷயங்கள் இருக்கும்: லாரி நம்பர், அன்று போட்டிருந்த சட்டை நிறம், வாசலில் எத்தனை படி. அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் போகலாம். மேசையில் நான்கு பேர் இருக்கும்போது கேட்பதும், தனியாகக் கேட்பதும் வேறு வேறு. நான்கு பேருக்கு நடுவில் அது கச்சேரி. பக்கத்தில் இருப்பவன் அடியெடுத்துக் கொடுப்பான், "அண்ணே, அந்த இன்ஸ்பெக்டரை அடிச்சதைச் சொல்லு" என்பான். அடிக்கவே இல்லை என்று தனியாக இருக்கும்போதுதான் வெளியே வரும்.

தனியாக, தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற அந்த ஆசைதான் என்னைக் கவிழ்த்தது. கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நான்கைந்து பேர் நிற்பார்கள். ருசிக்காக இத்தனை காலையில் வருகிறார்களா என்று முதலில் நினைத்தேன். முதல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, வாயைக் கிளாஸிடம் கொண்டுபோய்க் குடிப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அதே ஆள் ஒரு கையில் தீக்குச்சி உரசுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 42.8 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் கழிக்கும். ஒரு குவார்ட்டருக்கு ஆறிலிருந்து எட்டரை மணி நேரம். இரவு படுத்தவருக்குக் காலையில் அளவு இறங்க இறங்க, இத்தனை வருஷம் அதற்கே பழகிய நரம்புகள் கட்டவிழ்ந்து துடிக்க ஆரம்பிக்கும். அந்த முதல் கிளாஸ் அவர்களுக்கு நடுக்கத்துக்கு மருந்து மாதிரி. இதை நான் கண்ணால் பார்த்தும், நோட்டில் எழுதியும், அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

கம்பாசிட்டர் அண்ணனிடம், "மூணு நாள் குடிக்காம இருந்தா நல்லாப் பதிவு பண்ணிரலாம்ணே" என்றேன். அவர் தினமும் இரண்டு குவார்ட்டர், பத்து வருஷத்துக்கு மேலாக. "தம்பிக்காக இருந்துட்டாப் போச்சு" என்றார். முதல் நாள் சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை என்றார், சாப்பாடு இறங்கவில்லை. திருந்தும்போது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. மறுநாள் மதியம், கடைசியாகக் குடித்து 36 மணி நேரம் இருக்கும், பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் நின்று, அப்படியே சாய்ந்து, வலிப்பு.

நான் செய்தது எல்லாம் தப்பு. கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தேன். பக்கத்து அறைக்காரர் பல்லுக்கு நடுவில் ஸ்பூனைத் திணிக்கப் பார்த்தார், இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் வைத்தார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார். செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: சுற்றி இருக்கும் மேசை, கிளாஸை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஊற்றாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்படியே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குடியை நிறுத்தியவருக்கு வலிப்பு வந்தால், அது ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால்தான் பெரியது வரக்கூடும்.

டாக்டர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது குடித்தார்? ஒரு நாளைக்கு எவ்வளவு? இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? முதல் இரண்டுக்குத் தடுமாறிப் பதில் சொன்னேன். மூன்றாவது தெரியவில்லை. அவர் அப்பா எந்த ஊர்ச் சந்தையில் எந்த மாட்டை விற்றார் என்பதுவரை எழுதி வைத்திருந்தேன், இது தெரியவில்லை. சப்ளையர் பையனுக்கு போன் போட்டேன். "ஆமாண்ணே, ரெண்டு வருஷம் முன்னாடி ஒருதடவை விட்டுப் பாத்தாரு, இங்கயே வாசல்ல விழுந்தாரு" என்றான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.

அங்கே தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் சிலருக்குப் பிதற்றல் நிலை வரும். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது. சிகிச்சை இல்லாவிட்டால் அதில் உயிரே போகும். முன்பு வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். டாக்டர்கள் டயஸெபாம் வகை மருந்தைக் கணக்காகக் கொடுத்து நாள்கணக்கில் குறைத்துக்கொண்டு வருவார்கள், தயமின் ஊசி போடுவார்கள், குளுக்கோஸ் ஏற்றுவதானால் தயமினை அதற்கு முன்போ கூடவோ கொடுப்பார்கள். இது வீட்டில் கடையில் வாங்கிக் கொடுத்துப் பார்க்கிற காரியம் இல்லை. ஒருவரிடம் குடியை விடச் சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் ஒரு டாக்டரைப் பார்த்த பிறகு விடச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் இரவு அவருக்குப் பிதற்றல் வந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இடது உள்ளங்கையைக் கொஞ்சம் குவித்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வையிலிருந்து எதையோ பொறுக்கி, தட்டிப் பார்த்து, இடது கையில் வைத்தன. மறுபடி வேறு இடத்திலிருந்து பொறுக்கின. போர்வையில் ஒவ்வொரு இடத்துக்கும் விரல் தேடாமல் நேராகப் போனது. இல்லாத ஸ்டிக்கில், அதாவது எழுத்துகளை வரியாகக் கோக்கும் சின்னத் தட்டில், கம்போஸ் செய்துகொண்டிருந்தார். இடது கட்டைவிரல் வரியை நழுவாமல் பிடித்திருந்தது. இந்த நிலையில் இருப்பவர்கள் பழைய தொழிலைக் கையால் செய்வது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம் என்று நர்ஸ் சொன்னார். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நோட்டை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் அந்த நாட்களில்தான் கண்டுகொண்டேன். பத்து வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அவருடைய நிஜப்பெயர் தெரியவில்லை. அவர் மகள் எத்தனை மார்க் வாங்கினாள் என்பது தெரியும், அந்த மகள் எங்கே இருக்கிறாள் என்பது தெரியாது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் பெயர் எழுத அவர் சட்டைப் பையைத் துழாவ வேண்டியிருந்தது. கதை கேட்கப் போகிறவர் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் முழுப்பெயர், வீட்டில் கூப்பிட வேண்டிய ஒரு நம்பர், சாப்பிடும் மாத்திரை, வலிப்பு வந்ததுண்டா, இந்த நான்கையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி, ஒரு நகலை சப்ளையரிடம் கொடுத்து வையுங்கள். ரெகுலர் ஆள் இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் திருந்திவிட்டார் என்று சிரிக்காமல் ஆள் அனுப்பிப் பாருங்கள். எங்கள் கடையில் பையன் இப்போது அதைத் தவறாமல் செய்கிறான்.

அண்ணன் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். ஆறு வாரம் தொடவில்லை. அப்புறம் மறுபடி அதே மூலை நாற்காலிக்கு வந்துவிட்டார், முன்பைவிடக் குறைவு என்கிறார், பையன் அப்படிச் சொல்லவில்லை. நான் எழுதி முடித்த பக்கங்களை ஒருநாள் காலையில், முதல் கிளாஸுக்கு முன், அவரிடம் கொடுத்தேன். எதையாவது எடுக்க வேண்டுமானால் எடுத்துவிடுங்கள் என்றேன். நான்கு நாள் கழித்து புரூஃப் திருத்துகிற குறிகளோடு திரும்பி வந்தது. ஒற்று, இடைவெளி, இரண்டு இடத்தில் ரகரம் றகரம். மகள் பற்றிய ஒரு பத்தி முழுக்க அடித்திருந்தது. ஆஸ்பத்திரிக் காட்சியைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். அதை எடுக்கவில்லை. நான் அவசரத்தில் கைகளை மாற்றி எழுதியிருந்தேன் போல. ஓரத்தில் கோடு இழுத்து, பொடி எழுத்தில், 'ஸ்டிக் எப்பவும் இடது கையில்' என்று போட்டிருந்தார்.